டைகர், சிட்!

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. இருந்தது என்றால் ஏதோ மரப்பொந்தில் ஒண்டிக்கொண்டு இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வசதியாக இருந்தது. கிழக்கு மலையைத் தவிரக் காட்டிலுள்ள தேன்மரங்களை எல்லாம் குத்தகைக்கு எடுத்திருந்தது. தேனீக்கள் உழைத்தன, கரடி ஏப்பம் விட்டது. பெயர் குழந்தைவேலு. வசதி வந்த மிருகத்தை 'அது' என்று சொன்னால் மரியாதைக் குறைவு என்பதால் நாமும் இனி 'அவர்' என்றே சொல்லுவோம்.

குழந்தைவேலுவின் குகையில் இல்லாதது இல்லை. சோபா இருந்தது, டிவி இருந்தது, கோடைக்கு ஏசி இருந்தது. ஆனாலும் அவருடைய மனைவி புஷ்பவல்லிக்கு ஒரு மனக்குறை. எதிர்ப்பாறை மயில் வீட்டில் நாய் வாங்கியிருந்தார்கள். காலையில் மயில் அதைப் பட்டுக்கயிற்றில் பிடித்துக்கொண்டு நடந்தால் காடே நின்று பார்த்தது. அந்த மயில் தோகை விரித்து ஆடியபோதுகூட அத்தனை பேர் நின்றதில்லை.

"என்னங்க, நாமளும் ஒரு நாய் வாங்கணும்."

"எதுக்கு? கரடி இருக்கிற குகைக்கு எந்தத் திருடன் வரப்போறான்?"

"காவலுக்கா கேட்டேன்? கௌரவத்துக்குக் கேட்டேன்."

குழந்தைவேலு பணப்பையைத் தேடினார். கழுதைப்புலி ஒன்று ஊர்ப்பக்கத்திலிருந்து குட்டிகளைக் கொண்டுவந்து காட்டில் விற்றுக்கொண்டிருந்தது. அதைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அது ஒரு செம்பட்டைக் குட்டியைக் கூடையிலிருந்து எடுத்துத் தரையில் விட்டது.

"அசல் வெளிநாட்டு ஜாதிங்க. அப்பன் ஜெர்மனி, ஆத்தா ரஷ்யா."

குழந்தைவேலு குனிந்து பார்த்தார். "பார்த்தா தெருநாய் மாதிரி இருக்கே?"

"குட்டியில அப்படித்தான் இருக்கும். வளர வளரத்தான் வெளிநாடு தெரியும்."

குட்டி அவர் காலில் ஒன்றுக்குப் போனது. புஷ்பவல்லி, "பாருங்க, வந்ததுமே ஒட்டிக்கிச்சு!" என்று அதை அள்ளி எடுத்துக்கொண்டாள். ஊரில் பிறந்த குட்டி என்பதால் அதற்குக் காட்டுப் பேச்சு தெரியாது. 'வள்' என்பது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த சொல். அதையும் தோன்றினால்தான் சொல்லும்.

பெயர் வைப்பதில்தான் வினை வந்தது. "டைகர்னு வைப்போம்," என்றாள் புஷ்பவல்லி.

குழந்தைவேலு எழுந்து போய்க் குகைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அடியே, இந்தக் காட்டுக்குத் தலைவர் யாருன்னு மறந்துட்டியா? நாளைக்கு நடுவீதியில நின்னு 'டைகர், அசிங்கம் பண்ணாதே'ன்னு நீ கத்தினா என் குத்தகை என்ன ஆகும்?"

"அவர் புலி. இது டைகர். தமிழ் வேற, இங்கிலீஷ் வேற. அவரை யாராவது இதுவரைக்கும் டைகர்னு கூப்பிட்டிருக்காங்களா?"

கூப்பிட்டதில்லை, உண்மைதான். புலியை எல்லாரும் 'தலைவர்' என்றார்கள். மேடை கிடைத்தால் 'வெளிநாட்டில் கல்வி கற்ற வேங்கை' என்றார்கள். இளவயதில் அவர் கொஞ்ச காலம் காட்டில் இல்லை. மேல்படிப்புக்குக் கடல் கடந்து போயிருந்ததாகக் காட்டுப் பாடப்புத்தகத்திலேயே போட்டிருந்தது. என்ன படித்தார் என்று மட்டும் போடவில்லை. யாரும் கேட்கவுமில்லை. தலைவர்களின் படிப்பைக் கேட்கிற வழக்கம் அந்தக் காட்டில் கிடையாது.

ஆகவே குட்டி டைகர் ஆனது.

அதன் பிறகு குழந்தைவேலுவின் பாடு நாய்ப்பாடு ஆயிற்று. எருமை முதுகில் நின்று உண்ணி பொறுக்கிப் பெயர் வாங்கிய கொக்கு ஒன்று, இப்போது நாய் டாக்டர் என்று போர்டு மாட்டியிருந்தது. அது வந்து ஊசி போட்டுவிட்டு, இதைக் கொடுக்காதே அதைக் கொடுக்காதே என்று அடுக்கியது. சாக்லேட் கூடாது, வெங்காயம் கூடாது, திராட்சை கூடவே கூடாது. சாப்பிட்டதும் வெளியே கூட்டிப்போக வேண்டும், தூங்கி எழுந்ததும் கூட்டிப்போக வேண்டும், விளையாடி முடித்ததும் கூட்டிப்போக வேண்டும்.

"அப்போ நான் எப்போ வேலைக்குப் போறது டாக்டர்?"

"வேலைக்கா?" என்று கொக்கு அவரை இரக்கத்தோடு பார்த்தது. "நாய் வளர்க்கிறவங்க அதெல்லாம் பார்க்கக்கூடாது."

தன் குகை வாசலை ஒருநாளும் பெருக்கியறியாத குழந்தைவேலு, முறத்தையும் துடைப்பத்தையும் தூக்கிக்கொண்டு ஒரு குட்டியின் வாலுக்குப் பின்னால் திரிந்தார். அவர் வெளியே கூட்டிப்போன நேரமெல்லாம் டைகர் பட்டாம்பூச்சி பார்த்தது. உள்ளே வந்ததும் சோபாவில் காரியத்தை முடித்தது. செருப்பைத் தின்றது. தலையணையைத் தின்றது. டிவி ரிமோட்டைத் தின்றுவிட்டு, டிவி ஏன் மாறவில்லை என்று அவரையே பார்த்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் மேலே தாவிச் சட்டையைக் கிழித்தது. "விளையாடுது!" என்று புஷ்பவல்லி சிரித்தாள். சட்டை கிழிந்தவர்களும் சிரித்தார்கள். குத்தகைக்காரர் வீட்டு நாய் அல்லவா!

கடைசியில் பயிற்சி மாஸ்டரை வைத்தார்கள். மாஸ்டர் ஒரு நரி. கழுத்தில் விசில் தொங்கும். பேச்சில் எப்போதும் ஒரு நிதானம் இருக்கும், அதாவது சம்பளம் நாய் கற்றுக்கொண்டாலும் கற்றுக்கொள்ளாவிட்டாலும் வரும் என்று தெரிந்தவர்களுக்கு வருகிற நிதானம்.

"சார், விஷயம் ரொம்ப எளிசு. ஒரே சொல், ஒரே குரல். அது செஞ்ச உடனே வாயில ஒரு பிஸ்கட், தலையில ஒரு தட்டு, 'குட் பாய்'னு ஒரு வார்த்தை. லேட்டாக் கொடுத்தா எதுக்குக் கொடுத்தோம்னு அதுக்குப் புரியாது. முதல்ல சிட் சொல்லிப் பழக்குங்க."

"உட்காருன்னு தமிழ்ல சொன்னா என்ன?"

"நாய்க்குத் தமிழ் வராது சார்."

"நம்ம ஊர்ப்பக்கம் பிறந்ததுதானே மாஸ்டர்?"

"அதனாலதான் வராது."

குழந்தைவேலு கைநிறைய எலும்பு வாசனை பிஸ்கட்டை வைத்துக்கொண்டு, "டைகர், சிட்!" என்றார். டைகர் பிஸ்கட்டைத் தின்றது. "சிட்!" என்றார். இன்னொன்று தின்றது. எப்படி உட்காருவது என்று மாஸ்டர் சொன்னபடி அவரே உட்கார்ந்து காட்டினார். உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார். டைகர் படுத்துக்கொண்டு ரசித்தது. மாஸ்டர் அவர் தோளைத் தட்டி, "நீங்க நல்லா வர்றீங்க சார்," என்றார்.

மயில் வீட்டு நாய் கை கொடுக்கிறதாம், பந்து எடுத்து வருகிறதாம். இந்தச் சேதியைப் புஷ்பவல்லி சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறினாள். குழந்தைவேலுவுக்கு அவமானம் உள்ளே புகைந்தது. தேனீக்கள் தன் பேச்சைக் கேட்கின்றன, எறும்புகள் கேட்கின்றன, ஒரு செம்பட்டைக் குட்டி கேட்க மாட்டேன் என்கிறதே!

ஒரு சாயங்காலம் மைதானத்தில் அந்தப் புகை நெருப்பாயிற்று. அன்றைக்கு அங்கே நல்ல கூட்டம். மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன, முயல்கள் அரட்டை அடித்துக்கொண்டிருந்தன. மயிலும் தன் நாயோடு நின்றது. டைகர் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிப்போய்ச் சேற்றில் புரண்டுவிட்டு வந்து, எல்லார் எதிரிலும் குழந்தைவேலுவின் வேட்டியில் உடம்பைத் துடைத்தது. மயில் களுக்கென்று சிரித்தது.

குழந்தைவேலு தன்னை மறந்தார். காடு அதிர, "டைகர்! சிட்!" என்று கத்தினார்.

டைகர் காதைச் சொறிந்தது. ஆனால் மைதானம் அடங்கிப்போயிற்று. மயிலின் சிரிப்பு பாதியில் நின்றது. எல்லாக் கண்களும் தன் முதுகுக்குப் பின்னால் எதையோ பார்ப்பதைக் கண்டு குழந்தைவேலு மெதுவாகத் திரும்பினார்.

பின்னால் தலைவர் இருந்தார். நகர்வலம் வந்தவர், பரிவாரத்தோடு. அவருக்குக் குடை பிடிக்கும் காட்டுப்பன்றி குடையை ஆகாயத்தில் பிடித்துக்கொண்டு திகைத்து நின்றது. ஏனென்றால் குடைக்குக் கீழே தலைவர் இல்லை. அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னங்கால்களைச் சேர்த்து, முதுகை நிமிர்த்தி, நாக்கைக் கொஞ்சம் வெளியே நீட்டி, குழந்தைவேலுவின் கையையே பார்த்துக்கொண்டு, சேற்றில் உட்கார்ந்திருந்தார்.

குழந்தைவேலுவுக்கு உயிர் பாதி போயிற்று. மீதியும் போவதற்குள் காட்டுப்பன்றி சுதாரித்துக்கொண்டது. பல வருஷமாகக் குடை பிடித்த அனுபவம் அது.

"மண்ணின் மைந்தர்!" என்று பன்றி முழங்கியது. "நம் தலைவர் மண்ணில் அமர்ந்து மக்கள் குறை கேட்கிறார்!"

உடனே முயல்கள் கைதட்டின. மான்கள் கண்ணீர் விட்டன. மயிலும் விலையுயர்ந்த தோகையோடு சேற்றில் உட்கார்ந்தது. தலைவர் எழுந்தார், பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டார், குழந்தைவேலுவின் காதருகே வந்து பல் தெரியாமல் பேசினார்.

"நாளைக்கு மத்தியானம் என் குகைக்கு வா. தனியா வா."

அன்று குழந்தைவேலு சாப்பிடவில்லை. புஷ்பவல்லி மூக்கைச் சிந்தினாள். "நாயோட பேரை மாத்திட்டேன்னு சொல்லிடுங்க. பூனைன்னு வச்சுட்டோம்னு சொல்லுங்க." மறுநாள் கிளம்பும்போது அவர் வாசலில் நின்று டைகரைப் பார்த்தார். தன் சாவுக்குக் காரணமாகப் போகிற நாய் ஒரு பார்வையாவது பார்க்கும் என்று எதிர்பார்த்தார். அது அவருடைய மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைத் தின்றுகொண்டிருந்தது.

தலைவரின் குகையில் குளிர்ச்சியும் இருட்டும் இருந்தன. பன்றியை வெளியே போகச் சொல்லிவிட்டுத் தலைவர் தாமே கதவைச் சாத்தினார். குழந்தைவேலு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"ஐயா, நான் நாயைத்தான் சொன்னேன். சத்தியமா நாயைத்தான். என் பிள்ளைகுட்டி..."

"எழுந்திரு," என்றார் தலைவர். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தார். "அந்த பிஸ்கட்... எடுத்துட்டு வந்தியா?"

குழந்தைவேலுவுக்குக் காது கேட்கவில்லையோ என்று தோன்றியது. சட்டைப் பையைத் துழாவினார். பழக்கதோஷத்தில் இரண்டு இருந்தன.

"நேத்து சொன்னியே, அந்த மாதிரி சொல்லு."

"ஐயா, என் வாயால எப்படி..."

"சொல்லுடா!"

"டை... டைகர். சிட்."

தலைவர் உட்கார்ந்தார். குழந்தைவேலு பிஸ்கட்டை நீட்டினார். தலைவர் அதைப் பல் படாமல் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். மூடிய கண்ணோரத்தில் ஈரம் தெரிந்தது.

"மேல்படிப்புன்னு புத்தகத்துல போட்டிருக்கானே, அது சர்க்கஸ்," என்றார். "நெருப்பு வளையத்துல தாவுவேன். ஸ்டூல் மேல உட்காருவேன். ஒவ்வொரு தடவையும் முதலாளி தட்டிக்கொடுத்து 'குட் பாய்'ம்பார். அப்புறம் சர்க்கஸ் மூடிட்டாங்க. இங்க வந்தேன், தலைவர் ஆயிட்டேன். அன்னியிலேர்ந்து என்னைப் பார்த்து எல்லாரும் நடுங்குறாங்க, கும்பிடுறாங்க. ஒருத்தன்கூடத் தட்டிக்கொடுக்கலை குழந்தைவேலு. தலையில, காதுக்கு நடுவுல. ஒருத்தன்கூட."

குழந்தைவேலு கையை உயர்த்தினார். அந்தப் பிரமாண்டமான மஞ்சள் தலையைத் தொட்டார். "குட் பாய்," என்றார்.

தலைவர் குகை அதிர உறுமினார். வெளியே நின்ற பன்றி, கரடியின் கதை முடிந்தது என்று துண்டைத் தலையில் போட்டுக்கொண்டது. ஆனால் உள்ளே நடந்தது வேறு. பூனை ஜாதிக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான் தொண்டையில் சத்தம் வரும்.

ஒரு நல்ல மிருகமாக இருந்தால் அந்தக் கண்ணீரைப் பார்த்து மனம் இளகியிருக்கும். குழந்தைவேலுவுக்கும் இளகியது, ஒரு பிஸ்கட் தின்று முடிக்கிற நேரம்வரை. பிறகு அவருக்குள் இருந்த குத்தகைக்காரர் விழித்துக்கொண்டார். இத்தனை வருஷம் இந்த வாலைப் பார்த்தா பயந்தோம் என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. அதை மீசைக்குள் அடக்கிக்கொண்டு, "ஐயா, நாளைக்கு நிறைய எடுத்துட்டு வர்றேன்," என்றார்.

தினமும் மத்தியானம் பயிற்சி நடந்தது. நரி மாஸ்டர் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் டைகரிடம் முயன்று தோற்ற குழந்தைவேலு, தலைவரிடம் அப்படியே செய்தார். ஒரே சொல், ஒரே குரல், உடனே பிஸ்கட். தலைவர் கற்பூரம். 'சிட்' வந்தது, 'ஸ்டே' வந்தது, 'ரோல்' வந்தது. 'ஷேக் ஹேண்ட்' வந்த அன்றே கிழக்கு மலைத் தேன்மரங்களும் குழந்தைவேலு பேருக்கு வந்தன. ஆணை ஓலையைக் கைக்குக் கீழே நீட்டி, "டைகர், ஷேக் ஹேண்ட்," என்றால் போதும், தலைவரின் பாதமுத்திரை விழுந்துவிடும்.

வெளியே காடு தலைவரைக் கொண்டாடியது. திருவிழாவில் குழந்தைவேலு மெல்லச் சொன்ன 'ரோல்' கேட்டுத் தலைவர் மேடையில் உருண்டார். "யோகா!" என்றது பன்றி. மறுநாள் காடு முழுக்க உருண்டது, ஓர் ஆமை திரும்ப முடியாமல் இரண்டு நாள் கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் புஷ்பவல்லிக்கு நாய்ப் பூங்கா வேண்டும் என்று தோன்றியது. நாய் ஓடியாட இடமில்லையாம். மான்கள் மேய்கிற மைதானம் சரியாக இருக்குமாம். மைதானத்தை வளைத்து வேலி போட்டார்கள். மான்கள் தலைவரிடம் வந்து நின்றன. அவற்றுக்காகத் திலகவதி என்ற புள்ளிமான் பேசியது. கூடவே அதன் குட்டி, விலா எலும்பு தெரிய நின்றது.

"தலைவரே, காட்டுல வேற புல்லு இல்லை. இந்தப் பிள்ளைங்க எதைத் தின்னும்? பூங்காவுல எங்களை விடமாட்டேங்குறாங்க. நாய்க்கு ஒவ்வாமை வருமாம்."

தலைவர் அந்தக் குட்டியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். உண்மையாகவே சொல்லியிருப்பார், அவர் அவ்வளவு கெட்டவர் இல்லை. பின்னால் நின்ற குழந்தைவேலு உதடு அசையாமல், "டைகர், ஸ்டே," என்றார். திறந்த வாய் அப்படியே நின்றது. மான்கள் வெகுநேரம் காத்திருந்தன. வாய் மூடவுமில்லை, பேசவுமில்லை.

"தலைவர் ஆழ்ந்து யோசிக்கிறார்," என்றது பன்றி. மான்கள் கும்பிட்டுவிட்டுப் போயின. திலகவதி மட்டும் கும்பிடவில்லை. அதைக் குழந்தைவேலு கவனித்தார், கவனிக்காதது போலத் திரும்பிக்கொண்டார்.

பூங்கா திறப்பு விழாவுக்குக் காடே வந்தது. தோரணம், மேளம், பந்தல். மயில் வயிறெரிய முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. டைகரைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, பட்டுக்கயிறு கட்டி மேடைக்கு அருகே நிறுத்தியிருந்தார்கள். குழந்தைவேலுவின் திட்டம் இதுதான்: தலைவரைக் கூப்பிட வேண்டும், அவர் வந்து உட்கார வேண்டும், ரிப்பனை வெட்ட வேண்டும். கையில் பெரிய பிஸ்கட்டாக ஒன்று வைத்துக்கொண்டு மைக் முன்னால் வந்து நின்று, மைக் இன்னும் போடவில்லை என்று நினைத்து மெதுவாக, "டைகர், வா. சிட்," என்றார்.

மைக் போட்டிருந்தார்கள். காடு முழுக்க ஒலிபெருக்கியில், 'டைகர், வா. சிட்' என்று கேட்டது.

தலைவர் ஓடிவந்து உட்கார்ந்தார். முன்னங்காலைச் சேர்த்து, நாக்கை நீட்டி, பிஸ்கட்டுக்காக. இப்போது மண்ணின் மைந்தர் என்று சொல்ல முடியாது, மேடையில் கம்பளம் விரித்திருந்தது. பன்றி குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றியது. கூட்டத்திலிருந்து திலகவதி உரக்கக் கேட்டது: "இவரா ஆழ்ந்து யோசிச்சவரு?"

கசகசவென்று பேச்சு எழுந்தது. குழந்தைவேலு பிஸ்கட்டை ஒளித்துவிட நினைத்தார். அதற்குள், இத்தனை நாளில் நன்றாக வளர்ந்துவிட்ட டைகர் கயிற்றை அறுத்துக்கொண்டு மேடையில் பாய்ந்தது. அவரைத் தள்ளிவிட்டு, தலைவரின் மூக்குக்கு நேராக இருந்த பிஸ்கட்டைக் கவ்வியது. தலைவர் அசையவில்லை. அவருக்கு 'சிட்' சொல்லியாகிவிட்டது, யாரும் விடுவிக்கவில்லை. டைகர் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, தலைவரின் நாற்காலியில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தது. குழந்தைவேலு பழக்கத்தில், "டைகர், இறங்கு! டைகர்!" என்று கெஞ்சினார். தலைவர் கவலையோடு அவரைப் பார்த்தார், தான் எதிலிருந்து இறங்குவது என்று புரியாமல். நாய் கொட்டாவி விட்டது.

கூட்டம் இதை எல்லாம் பார்த்தது. பார்த்துத் தன் வழக்கப்படி யோசித்தது. கரடி சொன்னால் புலி கேட்கிறது. ஆனால் நாய் கரடி சொல்வதைக் கேட்கவில்லை, புலியின் பங்கையும் பிடுங்கித் தின்கிறது. அப்படியானால் இவர்களில் பெரியவர் யார்?

முதலில் நகர்ந்தது பன்றிதான். தலைவருக்கு மேல் இருந்த குடை மெல்ல விலகி, நாற்காலிக்கு மேல் போய் நின்றது.

"யாருக்கும் அடங்காத தலைவர்!" என்றது பன்றி.

'வள்,' என்றது டைகர்.

"என்ன சுருக்கமான பேச்சு!" என்று முயல்கள் கைதட்டின. மயில் எழுந்து நின்று, இந்தத் தலைவரைக் குட்டியிலிருந்தே தனக்குத் தெரியும் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்ல ஆரம்பித்தது. திலகவதி குட்டியை அழைத்துக்கொண்டு காட்டின் எல்லையைப் பார்த்து நடந்தது. அதன் பின்னால் மான்கள் எல்லாம் நடந்தன. அவை போனதைக் கைதட்டல் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை.

புதிய தலைவர் நகர்வலம் கிளம்பினார். நாய்க்கே உரிய பழக்கப்படி மரத்துக்கு மரம் காலைத் தூக்கினார். அவர் காலைத் தூக்கிய மரமெல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்று பன்றி அறிவித்தது. கிழக்கு மலையில்கூட ஒரு தேன்மரத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. குழந்தைவேலு பின்னாலேயே ஓடி, "வேண்டாம் ராஜா, அது நம்ம மரம்," என்று கெஞ்சிப் பார்த்தார். ராஜா அவரைப் பார்த்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார். குத்தகை போயிற்று. ஆனால் அவருக்கு வேலை போகவில்லை. இப்போதும் முறமும் துடைப்பமுமாக அதே வாலுக்குப் பின்னால்தான் போகிறார், சுகாதாரத்துறைச் செயலர் என்ற பெயரில். அந்த முறத்துக்கு முன்னால் நின்று வணக்கம் சொல்ல ஒரு கூட்டமே இருக்கிறது.

பழைய தலைவருக்குப் போக இடமில்லை. புஷ்பவல்லி வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். சோபாவில் சொன்ன இடத்தில் படுக்கிறார், வெளிக்கு வெளியே போகிறார், செருப்பைத் தொடுவதில்லை. சாயங்காலம் காதுக்கு நடுவில் தட்டிக்கொடுத்தால் குகை அதிரச் சந்தோஷப்படுகிறார். தலைவராக இருந்தபோது இல்லாத சதை போட்டிருக்கிறார்.

"எவ்வளவு அடக்கமான பிள்ளை!" என்று புஷ்பவல்லி வந்தவர்களிடம் சொல்கிறாள். "இதை முதல்லயே வாங்கியிருக்கலாம்."

நீதி: உங்கள் வீட்டு நாய் உங்கள் பேச்சைக் கேட்கவில்லையா? இப்போதே மரியாதையாகப் பேசிப் பழகிக்கொள்ளுங்கள். நாளைக்கு அதன் பேச்சை நீங்கள் கேட்க வேண்டியிருக்கும்.